என் மனைவிக்கும் இதுவே விருப்பம்

கடவுள் துணை
புதன்கிழமை, 6ஆம் தேதி, பகல்

மதிப்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் இரண்டாவது மாடி அறையில் இருந்தவர்கள்: நான், நம் மகள், உங்கள் தம்பி, மேசைக்கு அந்தப் பக்கம் எழுத்தர், ஜன்னலோரம் தட்டச்சு செய்யும் பெண். ஆக ஐந்து பேர். இதை முதலில் எழுதக் காரணம், எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

நாங்கள் ஏன் போனோம் என்றால், நேர்முகத் தேர்வு முடிந்து நேற்றோடு எழுபத்தொரு நாள். மருந்துக்கடைக்காரர் மகளுக்கு ராணுவ அகாடமியிலிருந்து சேர்க்கை உத்தரவு வந்து பத்து நாளாகிறது. ஓட்டத்திலும் கணக்கிலும் நம் பெண்தான் முன்னால் என்று அந்தப் பெண்ணே சொல்வாள். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, உங்க பட்டாளம் இன்னும் கெளம்பலையா?" என்று கேட்பார். கேலி இல்லை, அக்கறைதான். ஆனாலும் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். தபால்காரரோ நான் கேட்கும் முன்பே, சைக்கிளில் இருந்தபடியே தலையை ஆட்டிவிடுவார். கேட்காமல் இருந்தால் எப்படித் தெரியும், நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று நான்தான் கிளப்பினேன். உங்கள் தம்பி, "அவசரம் வேணாம் அண்ணி, அதுவா வரும்" என்று இரண்டு நாள் இழுத்தார். ஏன் இழுத்தார் என்று அப்போது தெரியவில்லை.

எழுத்தர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். கோப்பைப் புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உங்க பொண்ணு பட்டியல்ல பதினாலாவது இடத்துல இருந்துச்சும்மா. அப்பாதான் வேணாம்னு எழுதிட்டாரே. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. "வேற யாரோடதாவது இருக்கும், நல்லாப் பாருங்க சார்" என்றேன். அவர் கோப்பை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

உங்கள் கையெழுத்தை எனக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் உங்கள் கடிதங்களைப் பக்கத்து வீட்டு அக்காதான் படித்துச் சொல்வார். சில இடங்களில் நிறுத்தித் தனக்குள் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் உங்கள் கடிதங்களையே பாடப்புத்தகமாக வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். இருபது வருடமாகப் படித்த கையெழுத்து. நேற்று இரண்டு வாக்கியத்தைப் படித்து முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

"குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் மகளைச் சேர்ப்பதற்கு அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். என் மனைவிக்கும் இதுவே விருப்பம்."

தேதி, போன மாதம் 12.

நான் தபால் நோட்டு எழுதுவது உங்களுக்குத் தெரியும். எந்தக் கடிதம் என்றைக்குப் போனது, எது என்றைக்கு வந்தது, என்ன விஷயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்து உட்கார்ந்தேன். 12ஆம் தேதி அதை எழுதிய நீங்கள் 15ஆம் தேதி எனக்கு எழுதியிருக்கிறீர்கள்: இன்னும் தகவல் இல்லையா, பொறுமையாக இரு. 22ஆம் தேதி: கடவுளிடம் சொல், நல்லதே நடக்கும். நானும் சொன்னேன். காலையும் மாலையும் சொன்னேன். காய்ச்சலில் படுத்த அன்றுகூடப் படுத்தபடியே சொன்னேன். நீங்கள் சாத்திய கதவைத் திறக்கச் சொல்லி இருபத்துநான்கு நாள் கடவுளைத் தொந்தரவு செய்திருக்கிறேன். என்னிடம் மறைத்ததைக்கூட விடுங்கள், என்னை வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு எப்படித் தூங்கினீர்கள்?

இதில் என் மடத்தனமும் இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சம்மதப் படிவத்தில் தாய் அல்லது தந்தை என்றுதான் அச்சடித்திருந்தது. "அம்மா, நீயே போட்டுக் குடு, இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று பிள்ளை சொன்னாள். வீட்டுக்குப் பெரியவர் நீங்கள் இருக்கும்போது நான் போட்டால் உங்களுக்குக் குறைவு என்று நினைத்தேன். போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள், பரவாயில்லை என்று உங்களுக்கு அனுப்பினேன். "போகட்டும் நம் பிள்ளை" என்று கூடவே ஒரு துண்டுச்சீட்டு வைத்தீர்கள். அதை அவள் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். இப்போது எழுத்தர் சொல்கிறார், யார் கையெழுத்துப் போட்டாரோ அவரால்தான் மாற்ற முடியுமாம். என் கையெழுத்து இனிமேல் எடுபடாதாம். உங்களுக்குக் கொடுத்த மரியாதை பிள்ளையின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் உங்கள் தம்பியை உலுக்கிக் கேட்டேன். "அண்ணனுக்குப் பயம் அண்ணி. கூட வேலை செய்யற ஒருத்தரோட பொண்ணு பயிற்சியில இடுப்பு ஒடிஞ்சு வந்துடுச்சாம். அதைப் பார்த்ததுலேருந்து அவரு சரியா சாப்பிடறதே இல்லையாம்" என்றார். உனக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்றேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த பேருந்து நேரப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பட்டாளம் என்று அவளுக்குப் பெயர் வைத்ததே அவர்தான்.

பயம் என்றால் எனக்குப் புரியாதா? துறைமுகத்தில் நூறடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் என் கை வேலை நின்றுவிடும். போன வருடம் அங்கே ஒரு கம்பி அறுந்து இரண்டு பேர் போனார்களே, அன்றைக்கு உங்கள் முதலாளிக்கு நான் எழுதினேனா, அவரைக் கீழே இறக்கிவிடுங்கள், அவருக்கும் இதுவே விருப்பம் என்று? உங்கள் பயத்தை எனக்கு எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை நானும் பயந்து உங்கள் பக்கமே வந்திருப்பேன். அதற்கு இடமே கொடுக்கவில்லை நீங்கள்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமானது. அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பிள்ளை உங்கள் பெயர் இருந்த இடத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீயும் அப்பாவும் சேர்ந்துதானே எழுதுனீங்க?" என்று கேட்டாள். சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன். "அப்பா எழுதியிருக்காரே" என்றாள். அவளை என்ன சொல்ல? அப்பா எழுதினால் அதில் ஒரு வார்த்தை பொய் இருக்காது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது நான்தானே.

இன்று காலை அவள் ஓடப் போகவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டாள். தட்டு வைத்தால் சாப்பிடுகிறாள். என்னை அம்மா என்று கூப்பிட்டு ஒரு நாள் ஆகிறது.

எழுத்தர் ஒரு வழி சொன்னார். இரண்டாம் பட்டியல் 28ஆம் தேதி மூடுகிறது. அதற்குள் உங்கள் கையெழுத்தோடு புதுச் சம்மதக் கடிதம் வந்தால் அதே இடம் அவளுக்கு உண்டு. தந்தி செல்லாது. இந்தக் கடிதம் இன்று மாலைத் தபாலில் போனால் 15ஆம் தேதி உங்கள் கைக்கு வரும். நீங்கள் 19ஆம் தேதிக்குள் அங்கே போட்டால்தான் 28க்கு வந்து சேரும். நான்கு நாள் யோசிக்கலாம். அதற்கு மேல் யோசித்தால் அந்த இடத்துக்கு வரிசையில் அடுத்தவர் போய்விடுவார்.

உங்களிடம் இரண்டு கடிதம் கேட்கிறேன். ஒன்று அந்த அலுவலகத்துக்கு. இன்னொன்று நம் மகளுக்கு, அவள் பெயர் போட்டு: உன் அம்மாவிடம் நான் கேட்கவில்லை, அவளுக்கு இது தெரியாது என்று. வேறு எதுவும் எழுத வேண்டாம். முதல் கடிதத்துக்கு உங்களுக்கு மனம் வராவிட்டால், அவள் வருத்தத்தை அவளோடு சேர்ந்து நானும் சுமக்கிறேன். ஆனால் இரண்டாவதை எழுதாமல் இருந்துவிடாதீர்கள். அது இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் பேச்சுத் துணை கிடையாது.

உங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வதை இன்று காலையும் நான் விடவில்லை. கடவுள் உங்களை மேலே ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் பத்திரமாக வைக்கட்டும்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி