சும்மா கிடக்கிற மணல்மேடு

கடப்பாக்கம்
4.2.2025

அன்பு மகள் ஜெபாவுக்கு அப்பா எழுதுவது.

நானே எழுதுகிறேன், இரவல் கை இல்லை. முதியோர் வகுப்பில் 'ஜ' இன்னும் வரவில்லை. உன் பேரில் இருப்பதால் டீச்சரிடம் முன்னாடியே கேட்டு வாங்கிக்கொண்டேன். இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது.

போன வாரம் சுற்றுச்சூழல் சர்வேக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாயே, கண்ணிலேயே நிற்கிறாய். சொந்த ஊர் என்று தெரிந்தால் சர்வே பயிற்சி சர்டிபிகேட் தரமாட்டார்கள் என்று போனில் சொல்லியிருந்தாய். அதனால் நானும் யாரோ மாதிரி நின்றேன். "ஐயா, இந்த மணல்மேடு எதுக்குப் பயன்படுது?" என்று கேட்டாய். பெற்ற மகள் ஐயா என்கிறாள், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சும்மாதாம்மா கீது" என்றேன். பதில் சரிதானே?

உன் அப்பா
முத்துசாமி

நாவலூர்
20.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து நன்றாக இருக்கிறது. தேர்வில் தேறிவிட்டேன். சர்டிபிகேட் அடுத்த மாதம் வரும்.

மணல்மேட்டுக்கு 'பயன்பாடு இல்லை' என்று போட்டிருக்கிறேன். ஊர்க்காரர் சொன்னதைத்தான் எழுத வேண்டும், எனக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது. அங்கே ரிசார்ட் வருகிறது. அம்மாவை அங்கேதானே புதைத்தோம்? ஏன் அப்படிச் சொன்னீர்கள்? எழுதும்போது எனக்கு மனசில் வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. திருத்தினால் நான் யார் என்று சொல்ல வேண்டிவரும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜெபா

கடப்பாக்கம்
16.3.2025

சர்வே அம்மா அவர்களுக்கு வணக்கம்.

செத்தவர்கள் சும்மாதானே படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு உங்கள் ஆபீசில் வேறு அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

ரிசார்ட்டுக்காக ஊரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். மனுவை நானே எழுதினேன். 'இது எங்கள் தெரு இடுகாடு. என் மனைவி காசியம்மாள் இங்கே இருக்கிறாள்.' அதிகாரி படித்துவிட்டு, மேட்டை விட்டுவிட்டு அளக்கச் சொன்னார். பிறகு, "பெரியவரே, பசங்க இருந்தா அவங்களும் கையெழுத்து போடணுமே" என்றார்.

"யாரும் இல்ல சார்" என்றேன். அதையும் எழுதித் தரச் சொன்னார்.

'பிள்ளைகள் இல்லை' என்று எழுதினேன். 'ளை', 'லை' இரண்டும் எனக்கு எப்போதும் குழம்பும். அன்றைக்கு ஒரு பிழை இல்லை. அதிகாரியே மெச்சினார்.

சர்டிபிகேட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் வந்தால் ஐயா என்றே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு
சு. முத்துசாமி