தூக்கி ஏற்றக் கூடாது

12, திங்கள்

சாயங்காலத்திலிருந்து மழை. சீருடை காயவில்லை.

வர்ஷா கையை உடைத்துக்கொண்டாள். ஐந்து வயது, அம்மா வேலை பார்க்கும் பாலர் பள்ளிப் பிள்ளை. கொய்யா மரத்திலிருந்து விழுந்தாள்.

அம்மா உள்ளே பால் கலக்கிக்கொண்டிருந்தார். மரத்தடியில் நான், பிள்ளைகள், ராஜம் ஆன்ட்டி. பாலர் பள்ளி ஆன்ட்டியுடையது. நாங்கள் குடியிருக்கும் பழைய தோட்ட வீடும் ஆன்ட்டியுடையதுதான்.

அம்மாவின் விதி: யாரையும் மரத்தில் தூக்கி ஏற்றக் கூடாது. தானே ஏறுகிற பிள்ளைக்குத் தானே இறங்கவும் தெரியும். ஆன்லைன் வகுப்பில் படித்தது. குளிர் நாட்டுப் பாலர் பள்ளிகளில் அப்படித்தானாம்.

நான் பார்த்தேன். ஆன்ட்டிதான் வர்ஷாவைத் தூக்கி மேல் கிளையில் வைத்தார். விளம்பரத்துக்குப் படம். "சிரிம்மா, இங்க பாரு லா." போனைச் சரிசெய்யக் குனிந்தார். தொப்பென்று சத்தம்.

அம்மா ஓடி வந்தபோது ஆன்ட்டி: "பாரு, ஒன் வெளிநாட்டுப் பாடம்!"

நான் வாயைத் திறக்கவில்லை. போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா. தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்.

13, செவ்வாய்

வெயில். கணக்குச் சோதனை மோசம்.

பெற்றோர் வாட்ஸ்அப்பில்:
"பென்சில் குடுக்காம மரத்துல ஏத்துனா இப்படித்தான்."
"அடுத்த வருசம் ஒண்ணாம் வகுப்பு லா. பேர் எழுதத் தெரியல."
"டீச்சர மாத்துங்க ஆன்ட்டி."

வெள்ளிக்கிழமை கூட்டம். அம்மாவுக்கு வேலை உண்டா இல்லையா என்று அன்று முடிவு.

ஆன்ட்டி என்னைக் கடையில் பிடித்தார். ஐஸ் மைலோ வாங்கித் தந்தார். "நீ போனத்தானே நோண்டிக்கிட்டு இருந்த? ஒண்ணும் பாக்கல. வேற எங்க இந்த வாடகைக்கு வீடு கெடைக்கும், அம்மாகிட்ட கேட்டுப் பாரு."

மைலோவை மிச்சம் வைக்காமல் குடித்தேன். 

14, புதன்

கயிறு. மரத்தைச் சுற்றி அம்மாவே கட்டினார். பிள்ளைகள் வரைந்த படங்கள் சுவரிலிருந்து பெட்டிக்குள். எல்லாருக்கும் பென்சில், கோடு போட்ட புத்தகம்.

அந்த ஆன்லைன் வகுப்பில் சேருவதற்கு முன் அம்மாவின் மேசையில் ரோத்தான் பிரம்பு இருக்கும். எனக்கும் அடி விழுந்திருக்கிறது. பிறகு ஒருநாள் அதைக் காணவில்லை. ஜப்பானில் பிள்ளைகளே சாப்பாடு பரிமாறுவார்களாம் என்று கரண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். முதல் வாரம் தரையெல்லாம் சோறு. அம்மா சிரித்தார்.

இன்று "எழுது!" என்று கத்தினார். ஒரு பையன் கால்சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டான். அம்மா சமையலறைக்குள் வந்து முகம் கழுவினார். "அங்க உள்ள பிள்ளைங்க வேற, இங்க உள்ள பிள்ளைங்க வேறயோ? நாந்தான் தப்பாப் படிச்சிட்டேனா?" என்னிடம் கேட்கவில்லை. சட்டி பானையிடம்.

சொல்லிவிடலாம். சொன்னால் வீடு?

15, வியாழன்

கருவாடு, ரசம். அம்மா கேட்டார்: "நீ மரத்தடியிலதானே இருந்த?"

அப்புறம் பேசவில்லை. வகுப்பில் செய்வதுபோல. இத்தாலியில் எங்கோ அப்படியாம்: ஒரு கேள்வி கேள், பிறகு வாயை மூடிக் காத்திரு. முன்பென்றால் அடுத்த கேள்வியை ரோத்தான் கேட்டிருக்கும்.

ரசம் ஆறிப்போனது. பூனை வந்து கருவாட்டை முகர்ந்தது. அம்மா அதைக்கூட விரட்டவில்லை.

"ஆன்ட்டிதாம்மா தூக்கி வெச்சாங்க."

அம்மா: "ஏன் சொல்லல?"

"வீடு போயிரும்."

"போகும்" என்றார். என் தட்டில் சோறு போட்டார். "நீ பேச வேணாம். நான் பேசிக்கிறேன்."

16, வெள்ளி

கூட்டத்துக்கு வர்ஷாவும் அப்பாவோடு வந்திருந்தாள்.

கூட்டத்தில் அம்மா கேட்டார்: "அக்கா, வர்ஷாவ யாரு தூக்கி வெச்சது?"

ஆன்ட்டி: "தூக்குனத யாரு பாத்தா? கூப்பிடு, பாக்கலாம்."

"நான் பாத்தேன்." என் குரல்தான். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"ஆத்தாளுக்கு ஏத்த மக. நல்லா சொல்லிக் குடுத்திருக்கா!" இரண்டு பேர் சிரித்தார்கள்.

வர்ஷாவின் அப்பா, லோரி ஓட்டும் குணா அண்ணன், பிள்ளையின் முன் குந்தினார். "யாரும்மா? சொல்லு. சொல்லு! டீச்சரா?"

"அண்ணே, கேட்டுட்டீங்கள்ல. காத்திருங்க" என்றார் அம்மா.

கூரைக் காற்றாடிச் சத்தம் மட்டும். வர்ஷா கைக்கட்டின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். அம்மா அசையவில்லை. பிறகு வர்ஷா விரலை நீட்டினாள். "ஆன்ட்டி. போட்டோ."

"ஒரு படத்துக்குத்தானே லா!" என்றார் ஆன்ட்டி. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

குணா அண்ணன் எழுந்தார். "டீச்சர் போனா எம் புள்ளயும் போகும்." இன்னும் சிலர் தலையாட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அதெல்லாம் சரி, பென்சில் எப்ப டீச்சர்?"

வாசலில் ஆன்ட்டி, அம்மா காதருகே: "வேல இருக்கட்டும். வீட்ட மாசக் கடைசில காலி பண்ணிரு."

19, திங்கள்

மூட்டம். சாமான் கட்டக் கடையில் அட்டைப்பெட்டி கேட்டு வந்தேன். வீடு இன்னும் கிடைக்கவில்லை.

அம்மா கயிற்றை அவிழ்த்துவிட்டார். படங்கள் மறுபடி சுவரில்.

வர்ஷா கைக்கட்டோடு மரத்தடிக்கு வந்தாள். நல்ல கையை என்னிடம் நீட்டினாள். "தூக்குங்க அக்கா."

என் கை தானாக நீண்டது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஜன்னலில் அம்மா.

வர்ஷா என்னை முறைத்தாள். பிறகு வேரின்மேல் ஒரு காலை வைத்தாள்.