ஒரே தட்டுப் பழக்கம்

என் மகாராணிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

மீன் என்று நினைத்து இரண்டு வாங்கி வந்தேன். தொட்டியில் விட்டுப் பார்த்தால் நான்கு கால், கழுத்தோரம் இறகு மாதிரிச் செவுள்! நீரில் வாழும் சாலமாண்டராம்; பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்கு உறவாம். நாம் ஒரே தட்டில் சாப்பிட்ட பழக்கத்தில், இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் மண்புழுவைப் போட்டேன். ஒன்று அவசரத்தில் மற்றதன் காலைக் கடித்துவிட்டது.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அசையறதெல்லாம் இரைன்னு நினைக்கும் சார். தனித்தனியா வச்சு ஊட்டுங்க. கால் திரும்ப முளைச்சிடும், பயப்படாதீங்க."

நடுவே தடுப்பு வைத்துவிட்டேன். இப்போது இந்த வீட்டில் எல்லோருக்கும் தனிச் சாப்பாடுதான்.

தண்ணீர் மாற்ற வேண்டும், நிறுத்துகிறேன். நீ எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருகிறாய் என்று மறக்காமல் எழுது. நானும் அப்போதே தட்டை எடுக்கிறேன்.

உன்னவன்