ஹஸ்மி சொன்ன ஓம்

புத்தளம்.

அன்புள்ள நுஸ்கியின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே வெயில் எப்படி? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் தொடங்கினால் நீங்கள் முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே கதைக்க வழியில்லை. அதனால்தான் கத்தாருக்குத் திரும்பும் அஸ்ஜத் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே கருவாடும் இருக்கிறது. கடிதத்தை வாசித்து முடித்த பிறகுதான் பொதியைப் பிரிக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் தம்பி ஹஸ்மி உப்பளத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், நேற்றுத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அவர் போனதே உங்களுக்குத் தெரியாது. களப்போரப் பாத்தியில் உப்புக் கரைந்துவிட்டது என்று சொன்னேனே, வாரிக் குவித்ததை மழைதான் கரைத்தது என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். நானும் மறுத்துப் பேசாமல் ஓம் என்றேன்.

மழையில்லை. அந்தப் பாத்தியில் உப்பு வார வேண்டிய நாளில் ஊரில் ஒரு மையித்து. நம் வழக்கம் தெரியுந்தானே, இறந்தவரை அடக்கி முடியும்வரை ஒருவரும் பாத்தியில் கால் வைக்க மாட்டார்கள். வேலை தள்ளிப்போனது. மறுநாள், அது தெரியாத நீங்கள் போனில், அதுதான் வாரியாகிவிட்டதே, அடுத்த விளைச்சலுக்குக் களப்பிலிருந்து கடல்தண்ணீரைத் திறந்துவிடு என்றீர்கள். நானா, அங்க இன்னும் என்று அண்ணனான உங்களிடம் ஹஸ்மி தொடங்கினாராம். சொன்னதைச் செய், உனக்கு மூளை இருந்தால் நான் ஏன் இங்கிருந்து கத்த வேண்டும் என்று நீங்கள் போட்ட சத்தம் ஸ்பீக்கரில் வேலையாட்கள் எல்லாருக்கும் கேட்டதாம். ஓம் நானா என்று சொல்லிவிட்டு, விளைந்த உப்பின் மேலேயே தண்ணீரைத் திறந்துவிட்டார்.

இதொன்றும் தெரியாமல், உப்புக் கரைந்தது கேட்டு, நாக்கைத் தீட்டிக்கொண்டுதான் நானும் உப்பளத்துக்குப் போனேன். மனிசன் தண்ணீருக்குள் நின்று, அடியில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஏச வாய் வரவில்லை. தேத்தண்ணி குடிக்க வாங்க தம்பி என்று மட்டும் கூப்பிட்டேன். வரவில்லை. அன்றே கனமூலையில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். போனும் எடுக்கவில்லை. அவர் இல்லாமல் இறங்க மாட்டோம் என்று வேலையாட்களும் நின்றுவிட்டார்கள். மற்றப் பாத்திகளில் உப்பு விளைந்து கிடக்க, வானம் கறுக்கத் தொடங்கியது. உப்புச் சுமக்கும் றஹ்மத் உம்மாதான் கடைசியில் நடந்ததை எனக்குச் சொன்னார்.

கனமூலைக்குப் போனேன். உப்பைப் பற்றிக் கதைக்கவில்லை. எல்லாம் கேள்விப்பட்டன், பிழை உங்கட இல்ல தம்பி என்றேன். அவ்வளவுதான், அந்தப் பெரிய மனிசன் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானாக்குச் சொல்லிராதீங்க மதினி, அவர்ர மனசு நோகும் என்றார். ஏச்சு வாங்கியவர்தான் உங்கள் மனசுக்காகக் கவலைப்பட்டார். மறுநாள் விடிய எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கி, மழைக்கு முன்னர் மிச்ச உப்பையெல்லாம் குவித்துத் தென்னங்கிடுகு போட்டு மூடிவிட்டார்.

கோபிக்க வேண்டாம். எங்களுக்காக அந்த வெயிலில் கிடந்து வேகிறீர்கள், அந்தச் சூடுதான் போனிலும் வருகிறது என்று எனக்கு விளங்கும். வெள்ளிக்கிழமை தம்பிக்கு எடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்கத் தேவையில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள், அவர் கதைப்பார்.

பிறகு என்னையும் அப்படிக் கேளுங்கள். உங்களுக்குப் பயந்து ஓம் சொன்னது அவர் மட்டுமில்லை. அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்து, பயமில்லாத ஒரு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரட்டும்.

வஸ்ஸலாம்.

உங்கள்,
ஃபாஹிமா