நான் அவனுக்கு என்ன முறை

12 செப்டம்பர் 2006
வார்டு வாசலில் நர்ஸ் நிறுத்தினார். "மூசாவுக்கு நீங்க என்ன முறை வேணும்?"
ஐந்து ஆண்டுகளாக ஒரே அறை, ஒரே கட்டில். "நண்பன்" என்றேன்.
"சொந்தக்காரங்க மட்டுந்தான்."
மூசாவின் அக்கா நொம்புசோ உள்ளிருந்து பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல் இருக்கிறதா?

20 செப்டம்பர்
நொம்புசோ அவனைக் கறுப்பர் குடியிருப்பான இம்பாலிக்கு, தங்கள் தாய்வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். கணவன் இறந்தபின் அங்குதான் இருக்கிறாள். எனக்கு விருந்தாளிக்குப் போலச் சாஸரோடு தேநீர் வந்தது. இருட்டுவதற்கு முன்பே, "கிளம்புங்க படிச்சவரே, டாக்ஸி கிடைக்காது."

29 செப்டம்பர்
மூசாவுக்கு எச்.ஐ.வி. மாத்திரை இன்று வயிற்றில் தங்கியது. புதிய கல்யாணச் சட்டம் வந்தால் நாமும் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.
"செத்துடுவேன்னு அவசரமா?" சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.
அவசரம்தானா?

7 அக்டோபர், சனி
ஆணும் ஆணும் மணக்கச் சட்டம் வேண்டுமா என்று நகர மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். நொம்புசோ தேவாலயப் பெண்களோடு வந்திருந்தாள், கணவனுக்கான துக்கக் கறுப்பில், கடைசி பெஞ்சில்.
ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்தார். "இதை அனுமதிச்சா அந்த நோய் வீட்டுக்கு வீடு வரும்."
"ஏற்கெனவே வந்தாச்சு தாத்தா" என்றது ஒரு குரல். சிரிப்பு.
நொம்புசோ எழுந்தாள். கறுப்பில் இருப்பவள் சபையில் வாய் திறப்பதில்லை. மண்டபம் அடங்கியது.
"இந்தக் கல்யாணம் எனக்கும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா எங்க வீட்டுக்காரர் சர்ச்சுல மோதிரம் மாத்தினவர். இந்த நோய்லதான் போனார். அந்தப் பழியை யார் தலைல போடுவீங்க?"
உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண்கள் மெல்ல நகர்ந்துகொண்டார்கள். பெஞ்சில் பெரிய இடைவெளி. போய் அதில் உட்கார்ந்தேன். அவள் திரும்பவில்லை.
வீடு திரும்பும் டாக்ஸியில் மட்டும் சொன்னாள்: "உங்களுக்காகச் சொன்னதில்லை அது."
"தெரியும் அக்கா."

14 நவம்பர்
நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. நொம்புசோ வானொலியின் ஒலியைக் குறைத்தாள். அணைக்கவில்லை.

2 டிசம்பர்
மூசா வாசல்வரை நடந்தான். கல்யாணப் பேச்சை அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

16 டிசம்பர், சனி
நொம்புசோ கறுப்பைக் களையும் சடங்கு. விடிந்ததும் போனேன். முற்றம் நிறைய உறவு. எங்கே உட்காருவது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.
பூப்போட்ட புதுச்சட்டையில் வந்தாள். கையில் கோடரி.
"விறகு பத்தலை. மத்த மாப்பிள்ளைங்க கொல்லையில இருக்காங்க. போ."
விறகு பிளப்பதும் ஆடு உரிப்பதும் இங்கே வீட்டு மாப்பிள்ளைகளின் வேலை. விருந்தாளி தொடமாட்டான்.
கொல்லையில் மூன்று பேர். மூத்தவர் என் கைகளைப் பார்த்தார். "புத்தகம் புரட்டின கையா? கஷ்டகாலம். இந்த ஆட்டுக் காலைப் பிடி, இறுக்கி."
பிடித்தேன். ஆடு கனத்தது.
நாள் முழுக்க என்னை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை.