இரண்டடி அகலத்துக் கார்

அன்பு மகன் பாரிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ சுகமா என்று எப்போதும் பழக்கத்துக்குக் கேட்பேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல். போனில் கேட்கலாம்தான், ஆனால் உன் போன் வந்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால் நோட்டில் நாலு தாள் கிழித்து எழுதுகிறேன்.

கார் ஷெட் போடணும் என்று நீ அனுப்பிய இன்ஜினியர் பிரவீன்குமார் போன செவ்வாய்க்கிழமை வந்தார். கிழக்குப் பக்கம் காலி இடத்தை அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், டீ கொடுத்தேன், குடித்தார். பக்கத்து வீட்டுக் கோதண்டபாணிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. உடனே அவரும் ஒரு டேப்பை எடுத்துவந்து மதில் ஓரமாக அளக்கிறார், எதற்கு அளக்கிறீர்கள் என்றால் சும்மாதாங்க என்கிறார். எந்த மனுஷன் சும்மா டேப் பிடிப்பான்? நாளைக்கே நம் மேல் மனு எழுதிப் போட்டாலும் போடுவார். போகிற போக்கில், ஷெட்டு சரி, காரு எங்கங்க என்று வேறு கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கு ராத்திரி சாதம் இறங்கவில்லை. காரு எங்கே பாரி? உனக்கு லைசென்ஸே கிடையாதே.

இன்ஜினியர் என்னிடம், கார் ஷெட்டுன்னு போட்டா சீக்கிரம் அனுமதி வந்துடும்மா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க என்றார். கையெழுத்து மட்டும் என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. வீடு என் பேரில் இருக்கிறது, கேள்வியும் என்னிடம்தானே வரும்? அதனால் அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நானே நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். பதினொரு மணியில் இருந்து உட்கார்ந்து ஒன்றரைக்குத்தான் பிளான் பார்க்கிற மேடத்தைப் பார்க்க முடிந்தது. நல்ல பெண், ஆனால் நான் சொல்லச் சொல்ல எதையோ எழுதிக்கொண்டது, அதுதான் பிடிக்கவில்லை. கார் நிறுத்தினால் ஒரு விதி, சாமான் போட்டு வைக்கிற ரூம் என்றால் அதற்கு வேறு விதி, மதிலில் இருந்து இவ்வளவு தள்ளணும், உயரம் இதற்கு மேல் போகக்கூடாது என்று படம் போட்டுக் காட்டியது. உள்ளே தொழில் நடந்தால், அதுவும் நெருப்பு வைக்கிற தொழில் என்றால், குடியிருக்கிற தெருவில் ஆயிரம் கேள்வி வரும்மா, ஒண்ணுக்கு அனுமதி வாங்கி இன்னொண்ணு செஞ்சா சீல் வெச்சிடுவாங்க என்றது. நான் நெருப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. இந்த ஊரில் ஷெட் என்றாலே அந்தப் பெண்ணுக்கு அதுதான் ஞாபகம் வருகிறது போல.

வீட்டுக்கு வந்து பிளானை விரித்துப் பார்த்தேன். கூரை ஓரத்தில் புகைபோக்கி வைக்கிற மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை. த்ரீ பேஸ் லைன். தரையில் வாசலில் இருந்து உள்ளே வரைக்கும் இரண்டு கோடு. இது என்ன என்று போனில் கேட்டதற்கு, கார் டயர் ஏறுவதற்கு இரும்புப் பட்டை, பாரி சார் கேட்டிருக்கிறார் என்றார் இன்ஜினியர். அவர் வேப்பூர்க்காரர், அவருக்குத் தெரியாது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இரண்டடி என்று போட்டிருக்கிறது. இரண்டடி அகலத்தில் எந்தக் கம்பெனிக்காரன் கார் விடுகிறான்? பதினாறு வருஷம் நம் பீங்கான் யூனிட்டில் பொம்மை அடுக்கிய ட்ராலியைச் சூளைக்குள் தள்ளியவளுக்கு அந்தத் தண்டவாளம் தெரியாதா? யாரை ஏமாற்றலாம் என்று நினைத்தாய்? கோதண்டபாணியை ஏமாற்று, நகராட்சியை ஏமாற்று, என்னையுமா?

அப்போதுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தோன்றியது. முன்பெல்லாம் நீ பேசினால் பின்னால் டைல்ஸ் கம்பெனி மெஷின் இரைச்சலில் பாதி காதில் விழாது. இரண்டு மாதமாகத் தெளிவாகக் கேட்கிறது. ஷிப்ட் நேரத்தில் கூப்பிடுகிறாய். குஜராத்தில் வேலை இருக்கிறதா, போய்விட்டதா, நீயாக விட்டாயா? எதுவாக இருந்தாலும் தலை போகிற விஷயம் இல்லை. அப்பாவுக்குப் பயந்துதான் மறைக்கிறாய் என்பதும் தெரியும். அந்தக் கார்த்திகைக்குச் சூளையில் சூடு ஏறி லோடு முழுக்க அகல் விளக்கு தட்டோடு ஒட்டிக்கொண்டதில், நஷ்டப்பட்டு யூனிட்டை மூடிவிட்டு வந்து, என் பையன் சூளை வாசலில் நிற்கக்கூடாது என்று அவர் சொன்னார் அல்லவா, அதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. பிளானைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார், அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் அவரிடம் எதையும் மறைத்தது இல்லை, உன்னால் இப்போது மறைக்கிறேன், எனக்கு மனசு ஆறவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ரூமில் கூட இருக்கிற பையனிடம் ரொம்ப மனம் விட்டுப் பேசாதே, அவன் போட்டோவிலேயே பார்வை சரியில்லை. நம் முருகன் கொளஞ்சியப்பர் உனக்குத் துணை இருப்பார், நீ நினைத்தது நடக்கும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு.

ஒன்றை மறந்துவிடாதே. இதோடு நகராட்சிப் படிவம் வைத்திருக்கிறேன். ரேஷன் கடையில்கூட எடை பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள், இதில் போட்டிருக்கிறேன். எந்த உபயோகத்துக்கு என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ உன் கையால் எழுதி அனுப்பு. சூளை என்று எழுதினால், நம் தெருவில் முடியாவிட்டாலும் வேறு இடம் தேடலாம், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கார் என்று எழுதினாலும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், ஆனால் அதற்கப்புறம் உன்னிடம் எதையும் கேட்க மாட்டேன்.

உன் அம்மா,
மா. நீலாவதி
விருத்தாசலம்