மேனேஜர் முதுகில் எட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று திரைத்துணிக் கடையில் ஒரே ஜன்னலுக்கு நான்கு திரைச்சீலை வெட்டினேன். பெரிய இலை போட்ட துணி. ஒரு திரையில் பாதி இலை, பக்கத்துத் திரையில் மீதி. இரண்டும் சேருமிடத்தில் நூலிழை தப்பக் கூடாது. தப்பவில்லை. முதலாளி பாராட்டவில்லை, குறை சொல்லாததே பெரிது.

வீட்டுக்கு வந்தால் வழக்கம்போல மாமா மீன்தொட்டிக்குப் பக்கத்தில். எங்களோடு தங்க வந்து ஐந்து வாரம் ஆகிறது. கொண்டுவந்தது ஒரு பெட்டி துணி, ஒரு ரேடியோ, இந்தத் தொட்டி, அதில் ஒரே ஒரு பேத்தை மீன். பயந்தால் பந்துபோல ஊதிக்கொள்ளுமே, அந்த ஜாதி. என் விரல் நீளம்கூட இல்லை. பெயர் மேனேஜர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு, "ஒரு வேலையும் செய்யாது. போற வர்றவங்களை எல்லாம் முறைச்சுப் பார்க்கும்" என்றார். மாமனார் மருமகளிடம் பேசிய நீளமான பேச்சு இதுவரை அதுதான்.

மார்ச் 4

மேனேஜர் சரியாக இல்லை. வெள்ளை வயிறு கறுத்துக் கிடக்கிறது. தினமும் காலையில் மாமா மேனேஜரோடு பேசிக்கொண்டே தீனிக்குப் போடும் நத்தைகள் தொட்டி மூலையில் அப்படியே கிடக்கின்றன. "நல்லாத்தான் சாப்பிடுது" என்கிறார் மாமா. எதைச் சாப்பிடுகிறதாம், காற்றையா?

மார்ச் 6, வெள்ளி

மதியம் சாப்பிடாமல் மீன் கடைக்கு ஓடினேன். போனில் இருந்த படத்தைக் கடைக்காரம்மா பெரிதாக்கிப் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணுங்க. முதுகுல குறுக்க பட்டை பட்டையா இருந்தா ஆத்து மீன். நல்ல தண்ணியில இருக்கணும், உப்பு போட்டா போச்சு. பட்டை இல்லாம எட்டு எழுதின மாதிரி வளையம் வளையமா இருந்தா, ஆறு கடல்ல கலக்கிற இடத்து மீன். அதுக்குக் கொஞ்சம் உப்பு வேணும். இல்லன்னா இப்படித்தான் நாளுக்கு நாள் வாடும்."

படம் பக்கவாட்டில் எடுத்தது. அதில் பட்டையும் தெரியவில்லை, எட்டும் தெரியவில்லை. கடைக்கு வந்திருந்த ஒருவர், "லேசா சீண்டி விடுங்க. ஊதும்போது பளிச்சுனு தெரியும்" என்று யோசனை சொன்னார். உங்களை யாராவது சீண்டினால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மாமாவிடம் சொன்னேன். "பட்டைதான். ஒரு வருஷமா வளர்க்கிறேன், எனக்குத் தெரியாதா? உப்புங்கிற பேச்சே இந்த வீட்டுல கூடாது."

"சமையலுக்குமா?" என்றார் என் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

இந்த வீட்டுலயாம்! இது யார் வீடு?

மார்ச் 7, சனி

கண்டுபிடிச்சுட்டேன்!

எல்லோரும் கண்ணாடி வழியாகப் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். துணியின் பூவேலையை யாராவது ஓரத்திலிருந்து பார்ப்பார்களா? மேசையில் விரித்து, மேலே நின்று அல்லவா பார்க்க வேண்டும்! கடையில் தினமும் செய்கிற வேலை. வீட்டில் தோன்ற இத்தனை நாள் ஆகியிருக்கிறது, மக்கு.

மாமா தூங்கும்போது மூடியை எடுத்தேன். மோட்டாரை நிறுத்தினேன். முக்காலி போட்டு ஏறி, தண்ணீர் அலை அடங்கும்வரை மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை. மேனேஜர் நேராக எனக்குக் கீழே வந்து நின்றார். துணி வெட்டுமுன் அளவு வரையும் தாளில் பென்சிலால் வரைந்தேன். ஒரு வளையம். அதை ஒட்டி இன்னொன்று. எட்டு! முதுகுத் துடுப்புக்குக் கீழே கறுப்புப் பொட்டு, சுற்றிலும் மஞ்சள் வளையம். வால் அடியிலும் அதே. மூன்று தடவை வரைந்தேன், மூன்றும் ஒன்றுபோல வந்தன. கழுத்து பிடித்துக்கொண்டது. போகட்டும்.

கடைக்காரம்மா தாளைப் பார்த்ததும், "சந்தேகமே இல்ல, எட்டு!" என்று கைதட்டினார். கடல் உப்புப் பாக்கெட்டோடு வீடுவரை ஓட்டமும் நடையுமாக வந்தேன். இந்த வயதில்!

மார்ச் 8, ஞாயிறு

மாமா மசியவில்லை. தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "திரைத்துணிக்குப் பூ வரைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். சுருக்கென்றது.

"நீங்களே வந்து மேலேர்ந்து பாருங்க மாமா."

வந்தார். குனிந்தார். "பட்டைதான். வளையமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"எங்க பார்க்கிறீங்க?"

"அதோ, மூலையில நிக்குதே."

மூலையில் இருந்தது ஹீட்டரைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பர். மேனேஜர் எதிர்ப்பக்கம், என் முழங்கைக்குக் கீழே இருந்தார்.

அந்த மூலை. நத்தையெல்லாம் அந்த மூலையில்தான் கிடந்தது. ஐயோ, தினமும் காலையில மாமா பேசிக்கிட்டு இருந்தது அந்த ரப்பர்கிட்டயா? பிடிவாதம், அகம்பாவம்னு நான் என்னென்னல்லாம் நினைச்சேன் இவரைப் பத்தி!

"எவ்வளவு நாளா மாமா?" என்று கேட்டேன்.

"இதை வாங்கினப்பவே கலங்கலாத்தான் தெரிஞ்சுது. விற்கிறவன் பட்டைன்னான், நானும் பட்டைன்னேன்." பிறகு, "என் பையன்கிட்ட சொல்லாதே. நான் பாரமாயிட்டேன்னு நினைப்பான்."

முக்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தேன்.

"நிஜமாவே வாடிப் போச்சா அது?"

"ஆமா மாமா."

"அப்ப உன் கண்ணை நம்பிப் போடு."

"போடறேன். ஆனா நீங்க என்கூட கண் டாக்டர்கிட்ட வரணும்."

"பேரம் பேசறியா?"

"ஆமா."

மார்ச் 9

முதல் கரண்டி உப்பு. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மெல்ல மெல்ல ஊற்றினேன். தப்பாகப் பார்த்திருந்தால்? அவருக்கு என்று இருப்பது அது ஒன்றுதான். நானே கொன்றவள் ஆவேன்.

மார்ச் 11

வயிறு வெளுத்த மாதிரி இருக்கிறது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

மார்ச் 14, சனி

வெளுத்துவிட்டது! பாலாக வெளுத்துவிட்டது! நான் சமையலறையில் இருந்தேன். "கேட்டியா? கேட்டியா?" என்று மாமா கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் மேனேஜர் நத்தை ஓட்டைக் கடித்து உடைத்துக்கொண்டிருக்கிறார். 'டக்' என்ற சத்தம் மாமா காதில்தான் முதலில் விழுந்திருக்கிறது. அடுத்தடுத்து மூன்று நத்தை! மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவரும் பைத்தியம்போலச் சிரித்தோம்.

மார்ச் 16, திங்கள்

பேரம் பேரம்தான். டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, அறுவைசிகிச்சை செய்தால் பார்வை நன்றாகத் திரும்பும் என்றார். இதற்குமேல் மறைக்க முடியுமா? மாமாவே தன் மகனிடம் சொன்னார்.

என் கணவருக்குக் கோபம். "என்கிட்ட சொல்லாம ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துட்டீங்களா?" கொஞ்ச நேரம் கழித்து அப்பா காலடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஒரு கண் முடிந்தது. நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றார். இன்று எழுந்ததும் மாமா என் தாளைக் கேட்டார். தொட்டிக்கு மேலே குனிந்து, மீனையும் தாளையும் மாற்றி மாற்றிப் பத்து நிமிடம் பார்த்தார். மேனேஜரும் அவரை முறைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, ஒரு ரப்பர் எடுத்துட்டு வா. பென்சில் அழிக்கிற ரப்பர்."

"எதுக்கு மாமா?"

"வால்பக்கத்து வளையத்தை மூடி வரைஞ்சிருக்கே. மூடல பாரு. இத்தனூண்டு திறந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். ஆமாம், ஒரு மயிரிழை திறந்திருக்கிறது. நான் மூன்று தடவை வரைந்தேன், மூன்றிலும் மூடியிருக்கிறேன்.

மாமாவே அழித்துத் திருத்தினார். தாளைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். நான் நூலிழை தப்பவிட்ட இந்த விஷயம் மட்டும் முதலாளி காதுக்குப் போகக் கூடாது.